கொன்னூர் நெடுஞ்சாலை, இடது ஓரம்

இன்னும் முப்பத்தெட்டு வினாடி இருக்கிறது. சிக்னல் கம்பத்தில் சிவப்பு எண் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே வருகிறது, அது பூஜ்யம் ஆவதற்குள் நான் முடிவு செய்தாக வேண்டும். நேராகப் போனால் நியூ ஆவடி ரோடு, இடது பக்கம் திரும்பினால் கொன்னூர் நெடுஞ்சாலை. மூன்று வருஷமாக இடது பக்கம்தான் திரும்பிக்கொண்டிருந்தேன். இந்த ஒன்பது நாளாக நேராகப் போகிறேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, யார் கேட்பார்கள், சைக்கிளில் வேலைக்குப் போகிற நாற்பத்தாறு வயது வைஜயந்தி எந்த ரோட்டில் போனால் யாருக்கு என்ன. பின்னால் ஒரு பஸ் நிற்கிறது. நிற்கிறது என்றால் சும்மா நிற்கவில்லை, டிரைவர் நின்ற இடத்திலேயே ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்து விடுகிறார், ஒவ்வொரு மிதிக்கும் என் கெண்டைக்காலில் சூடு அடிக்கிறது, தோள் தானாகக் காதுவரை ஏறுகிறது. தோளை இறக்கு. இறக்கினேன். மறுபடி ஏறிவிட்டது. இருபத்தொன்று. இடது கால் தரையில், வலது பெடல் மேலே, பச்சை விழுந்ததும் ஒரே மிதியில் இந்தப் பஸ்ஸுக்கு முன்னால் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் அது என்னை ஓரத்தில் வைத்து நசுக்கிக்கொண்டு முந்தும். பக்கத்தில் ஸ்கூட்டரில் ஒரு அப்பா, அவருக்கு முன்னால் நிற்கிற பெண் குழந்தை என்னையே பார்க்கிறது. என்னைப் பார்க்காதே கண்ணு, அப்பாவின் ஹேண்டிலைப் பிடித்துக்கொள். பதினொன்று. நேராகவே போய்விடலாமே. நேராகப் போனால் எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி, கைரேகை, வெள்ளைக் கோட்டு, ஏ.சி. குளிர், எதுவும் தெரியாமலேயே இந்த வருஷம் போய்விடும், அடுத்த வருஷமும் போய்விடும். நாலு, மூணு. பச்சையே விழவில்லை, அதற்குள் ஹார்ன். இடது கை ஹேண்டில்பாரைத் திருப்பிவிட்டது. நான் திருப்பவில்லை, கைதான் திருப்பியது.

திருப்பிய பிறகு திரும்ப முடியாது, இந்த ரோட்டில் நின்று யோசிக்க இடம் கிடையாது, மிதித்துக்கொண்டே யோசிக்க வேண்டும். மெட்ரோ வேலைக்காகப் பாதி ரோட்டைத் தகரத் தட்டியால் அடைத்திருக்கிறார்கள், மீதிப் பாதியில் பஸ்ஸும் தண்ணி லாரியும் ஆட்டோவும் ஸ்கூல் வேனும் போக வேண்டும், அதுபோக மிச்சம் இருப்பது எனக்கு. ரோட்டில் போட்ட வெள்ளைக் கோட்டுக்கும் சாக்கடை மூடிக்கும் நடுவில் ஒன்றரை அடி. அந்த ஒன்றரை அடியில்தான் மணல் சேரும், நேற்றைய வாழை இலை கிடக்கும், நாய் படுத்திருக்கும், எதிர்த்திசையில் ஒருத்தர் பைக்கில் வந்து நான்தான் தப்பு மாதிரி முறைப்பார். இந்தச் சைக்கிள் என் மகள் பிரதீபாவுக்குப் பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்தது, அவள் அதைத் தொட்டதேயில்லை, கோயம்புத்தூருக்குப் படிக்கப் போய்விட்டாள், நான் எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் மூச்சு முட்டுகிறது என்று எடுத்தேன். பஸ்ஸில் எனக்கு மூச்சு முட்டியது உண்மை. ஆனால் அது மட்டும் இல்லை, பதினாறு வயதில் ஓட்டியதற்குப் பிறகு இருபத்தேழு வருஷம் கழித்து ஏறி மிதித்தபோது, என்னை யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை, நானாகப் போகிறேன் என்று ஒரு சந்தோஷம், அதை யாரிடம் சொல்ல. என் வீட்டுக்காரரிடம் சொன்னால், ஏன், நான் கூட்டிக்கொண்டு போகாமலா இருந்தேன் என்பார். அவருக்கு நான் சைக்கிளில் போவது பிடிக்கவில்லை. ஒருநாள் நீயே உன் ஆஸ்பத்திரிக்கு ஸ்ட்ரெச்சர்ல போகப்போறே என்பார், சொல்லிவிட்டு அவரே டயரில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பார். அதனால் எனக்கென்று சில சட்டங்கள் வைத்துக்கொண்டேன். கார் வந்தால் ஓட்டுகிறவர் முகத்தைப் பார்க்கக் கூடாது, முன் சக்கரத்தைப் பார்க்க வேண்டும், முகம் ஒன்று சொல்லும், சக்கரம் வேறு செய்யும். ஓரமாக நிற்கிற கார் என்றால் ஒரு கதவு அகலம் தள்ளிப் போக வேண்டும். முன்னால் போகிற ஆட்டோவை ஒருநாளும் நம்பக் கூடாது, ரோட்டோரம் யாராவது கையைத் தூக்கினால் போதும், அது அங்கேயே நிற்கும். எது நடந்தாலும் திரும்பிப் பார்க்காமல் வலது பக்கம் ஒதுங்கவே கூடாது. எது நடந்தாலும். நானே போட்ட சட்டம். மூன்று வருஷம் காப்பாற்றிய சட்டம்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை. அயனாவரம் தாண்டி, இட்லி வண்டி நிற்குமே, அந்த இடம். முன்னால் ஆட்டோ. ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஓர் அம்மா கையை நீட்டினாள், ஆட்டோ நின்றது. எனக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் ஒரு சைக்கிள் நீளம்கூட இல்லை, இடது பக்கம் மூடி உடைந்த சாக்கடை, நான் வலது பக்கம் ஒடித்தேன். பார்க்கவில்லை. பார்க்க நேரம் இல்லை என்று சொல்லலாம், ஆனால் பார்க்கவில்லை என்பதுதான் நடந்தது. பின்னால் ஒரு பைக்கின் பிரேக் கிறீச்சிட்டது, ஓர் ஆண் குரல் ஐயோ என்றது. பிறகு ரோட்டில் இரும்பு தேய்கிற சத்தம், நீளமாக, முடியவே முடியாத மாதிரி. பிறகு ஒரு எவர்சில்வர் டப்பா உருண்டது. டக டக டக என்று உருண்டு, எங்கோ இடித்து நின்றது. அது சாப்பாட்டு டப்பா, எனக்குத் தெரியும், என் கூடையிலும் அதே மாதிரி ஒன்று இருக்கிறது, மூடியைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டது. ஒரு பொம்பளைக் குரல் ஏய் சைக்கிள், ஏய் சைக்கிள் என்று கூப்பிட்டது. இரண்டு தடவை. நான் மிதித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக மிதித்ததில்லை. சிக்னல், ஓட்டேரி, டவுட்டன், எப்படித் தாண்டினேன் என்றே தெரியாது, ஆஸ்பத்திரி ஸ்டாண்டில் சைக்கிளைப் பூட்டும்போது சாவி துவாரத்துக்குள் போகவில்லை, வாட்ச்மேன் வந்து பூட்டிக் கொடுத்தார். நேரமாகிவிட்டது அதனால் நிற்கவில்லை என்று அன்று முழுவதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எட்டு மணிக்குள் கைரேகை வைக்க வேண்டும், மூன்று நாள் தாமதமானால் அரை நாள் லீவு போய்விடும், அதனால்தான். பொய். அன்று கைரேகை வைத்தபோது மெஷினில் ஏழு நாற்பத்தெட்டு. பன்னிரண்டு நிமிஷம் என் கையில் இருந்தது. பன்னிரண்டு நிமிஷத்தில் ஒரு மனுஷரைத் தூக்கி உட்கார வைக்கலாம், தண்ணீர் கொடுக்கலாம், ரத்தம் வருகிற இடத்தை அழுத்திப் பிடிக்கலாம், எனக்குத் தெரியாதா, இருபத்திரண்டு வருஷமாக ரத்தத்தோடுதானே இருக்கிறேன்.

யோவ், பார்த்து. குளிர்சாதன வேன் ஒன்று என் முழங்கையை உரசிக்கொண்டு போகிறது. உரசவில்லை. காற்றுதான். ஆனால் அதன் பக்கவாட்டில் இருந்த தூசி வாசம்வரை மூக்கில் ஏறிவிட்டது. என்ன நினைத்துக்கொண்டிருந்தேன், ரத்தம். ரத்த வங்கியில் எனக்குப் பொருத்தம் பார்க்கிற வேலை. மாடியிலிருந்து ஒரு காகிதமும் ஒரு சின்னக் குழாயில் ரத்தமும் வரும், அந்த ரத்தத்தை நம்மிடம் இருக்கிற பையின் ரத்தத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும், கட்டி தட்டினால் ஆகாது, தட்டாவிட்டால் கொடுக்கலாம். காகிதத்தில் பெயர், வயது, வார்டு, என்ன காரணம். காரணத்துக்கு நேரே ஆர்.டி.ஏ. என்று மூன்று எழுத்து இருந்தால் ரோட்டில் விழுந்தவர். ஒரு ஆள் உடம்பில் மொத்தம் ஐந்து லிட்டர் ரத்தம். பக்கத்து மேஜை ஜோசப்பின் சொல்வாள், இதை வைத்துக்கொண்டு எப்படிக்கா சைக்கிளில் வருகிறீர்கள், எனக்கு இந்தக் காகிதத்தைப் பார்த்தாலே ரோட்டைத் தாண்டக்கூட பயமாக இருக்கிறது என்று. நான் சிரிப்பேன். அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்த மூன்று எழுத்தைப் பார்த்தால் என் கை நிற்கிறது. ஆண், முப்பத்தைந்து. ஆண், ஐம்பத்தொன்று. எல்லாவற்றிலும் இடம் எது என்று தேடுகிறேன், காகிதத்தில் இடம் போடுவதில்லை. அயனாவரத்தில் விழுந்தவரை எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஏன் கொண்டுவரப் போகிறார்கள், பக்கத்தில் பெரிய அரசு ஆஸ்பத்திரி இருக்கும்போது. தெரிந்தும் தேடுகிறேன். தேடிக் கிடைக்காவிட்டால், ஒன்றும் இல்லை, எழுந்து போயிருப்பார் என்று ஒரு நிமிஷம் மூச்சு விடுகிறேன். அடுத்த நிமிஷமே, இங்கே இல்லை என்றால் அங்கே இருக்கலாமே. அங்கேயும் இல்லை என்றால். அங்கேயும் இல்லாமல் போவதற்கு இரண்டு காரணம் உண்டு, எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார், இல்லாவிட்டால் உயிரே போயிருக்கும். காதுக்குள் மறுபடி அந்த டப்பா உருளுகிறது.

நேற்று ஒரு காகிதம் வந்தது. ஆண், சுமார் நாற்பது, பெயர் தெரியவில்லை, உடனே நாலு பை. பொருத்தம் பார்த்து, நாலு பையையும் அனுப்பிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் நான் சாப்பிடாமல் மூன்றாவது மாடிக்குப் போனேன். நாங்கள் மேலே போகிற வழக்கமே இல்லை. எங்களுக்குக் குழாய்தான் தெரியும், ஆள் தெரியாது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவில் சின்னக் கண்ணாடி. அதன் வழியே பார்த்தேன், ஒருவர் படுத்திருந்தார், முகம் முழுக்க வீங்கி, ஒரு கண் மட்டும் தெரிந்தது, மூடிய கண். அவர்தானா? பார்த்துக்கொண்டே நின்றேன். மூக்கைப் பார்த்தேன், நெற்றியைப் பார்த்தேன், தாடியைப் பார்த்தேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது, நான் எதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்? விழுந்தவருடைய முகத்தை நான் பார்க்கவே இல்லையே. சிவப்பா கறுப்பா, கிழவரா சின்னப் பையனா, ஒன்றும் தெரியாது. திரும்பியிருந்தால்தானே தெரியும். வெளியே வந்த நர்ஸ், யாரைப் பாக்கணும் மேடம் என்றாள். தெரியலம்மா என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நாலு மணிக்கு அந்த மனுஷரைத் தேடி அவர் மனைவி வந்துவிட்டாள், அவர் விழுந்தது எங்கோ பூந்தமல்லி பக்கம், அதுவும் நேற்றுக் காலையில். என்னவர் இல்லை. அப்படித்தான் நினைத்தேன், என்னவர் இல்லை என்று, நினைத்துவிட்டு எனக்கே தூக்கிவாரிப்போட்டது, யாரோ ஒரு மனுஷர் எப்போது எனக்கு என்னவர் ஆனார். ஆயிரம் காகிதத்தைப் பார்த்தாலும் அவர் வரப்போவதில்லை. அவர் யார் என்று தெரிந்த இடம் இந்த ஊரில் ஒன்றுதான் இருக்கிறது, அந்த இடத்தைத்தான் நான் சுற்றிக்கொண்டு போகிறேன்.

அயனாவரம் பஸ் ஸ்டாப். இங்கேதான் கவனம். பஸ் ஸ்டாப்பில் நிற்கிற கூட்டம் ரோட்டில் மூன்று அடி இறங்கித்தான் நிற்கும், பஸ் எங்கே நிற்கும் என்று பஸ்ஸுக்கே தெரியாது. சிக்னலில் என் காலைச் சுட்ட அதே பஸ்ஸாக இருக்கும், இப்போது வலது பக்கம் வந்துவிட்டது, அதன் முன் சக்கரம் என் தோளுக்கு நேரே. சக்கரத்தைப் பார். சக்கரம் இடது பக்கம் திரும்புகிறது. என் பக்கம் திரும்புகிறது. இடது பக்கம் ஆட்கள், முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ, பின்னால் யாரோ விடாமல் ஹார்ன் அடிக்கிறார்கள், பஸ்ஸின் நீளமான பக்கவாட்டுச் சுவர் மெதுவாக, ரொம்ப மெதுவாக, எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை என்கிற மாதிரி என்னை நோக்கிச் சாய்ந்துகொண்டே வருகிறது. தகரத்தின் சூடு. ஜன்னலில் ஒரு கை, கையில் பச்சை வளையல், அந்தக் கை என்னைத் தொடுகிற தூரம். வலது பக்கம் ஒடிக்க முடியாது, அங்கே பஸ். அன்று மட்டும் பஸ் இருந்திருந்தால் நான் ஒடித்திருக்க மாட்டேன், ஆட்டோவில் மோதி நான் விழுந்திருப்பேன், நானே விழுந்திருந்தால் எவ்வளவு நிம்மதி. சீ, என்ன நினைப்பு. இறங்கு. சீட்டிலிருந்து குதித்து இறங்கிவிட்டேன், சைக்கிளைக் கூட்டத்துக்குள் இழுத்தேன், ஒருவருடைய செருப்பில் டயர் ஏறிவிட்டது. "இன்னா மேடம், பார்த்து வாங்க" என்கிறார். சாரிங்க, சாரிங்க. அவர் காலைப் பார்க்கிறேன், கட்டைவிரலில் மண். "வலிக்குதா?" என்று கேட்கிறேன். அவர் திகைத்துப்போய், "அட, ஒண்ணும் இல்ல, போங்க" என்கிறார். ஒண்ணும் இல்ல, போங்க. எவ்வளவு சுலபம். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நின்றேன், கேட்டேன், சொன்னார், முடிந்தது.

மறுபடி ஏறவில்லை. ஏறினால் கால் மிதித்துவிடும், எனக்கு என் காலைத் தெரியும். தள்ளிக்கொண்டே போகிறேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவளுக்கு ரோட்டில் இடமே இல்லை, நடக்கிறவளும் இல்லை, வண்டியும் இல்லை, எல்லோரும் ஹார்ன் அடிக்கிறார்கள், அடிக்கட்டும். மருந்துக்கடை. பூட்டிய பேன்சி ஸ்டோர். உடைந்த சாக்கடை மூடி இன்னும் அப்படியே, யாரோ அதில் ஒரு வேப்பங்கிளையைச் செருகி வைத்திருக்கிறார்கள். ரோட்டைப் பார்க்காதே என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். தாரில் வெள்ளையாக ஒரு கீறல், ஒரு ஆள் நீளம், வளைந்து போகிறது. அது அன்றைய கீறலா, வேறு யாருடைய கீறலா, இந்த ரோட்டில் எத்தனை கீறல். இட்லி வண்டியில் நாலைந்து பேர் தட்டை ஏந்தி நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டிக்கார அம்மா குனிந்து சட்னி ஊற்றிக்கொண்டிருந்தாள், ஐம்பது வயதிருக்கும், மூன்று வருஷமாக இவளைத் தினமும் தாண்டிப் போயிருக்கிறேன், ஒருநாளும் முகத்தைப் பார்த்ததில்லை, ஆவி பறக்கிற வெள்ளைத் துணி மட்டும் பார்த்திருக்கிறேன். சைக்கிளைச் சுவரில் சாய்த்தேன். சாயவில்லை, வழுக்கியது, மறுபடி சாய்த்தேன்.

"எத்தனை இட்லி?" என்றாள், நிமிராமலே.

"இட்லி வேணாம்க்கா. ஒண்ணு கேக்கணும். போன வாரம் செவ்வாய்க்கிழமை, இதே நேரம், இங்க ஒருத்தர் வண்டியில இருந்து விழுந்தாரு..."

கரண்டியைச் சட்னிப் பாத்திரத்தில் விட்டுவிட்டு நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள், சுவரில் சாய்ந்திருந்த சைக்கிளைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். "நீதானா அது" என்றாள். "கூடை வச்ச சைக்கிளு. நான் அப்பவே கத்துனேனே. ஏய் சைக்கிள், ஏய் சைக்கிள்னு தொண்டை கிழியக் கத்துனேன். காது கேக்கலியா உனக்கு?"

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. இந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும், அவளும் நம்பியிருப்பாள். "கேட்டுச்சுக்கா" என்றேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் மென்றுகொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். அவள் கரண்டியை எடுத்துச் சட்னியைக் கிளறினாள். அவள் கிளறிய அந்த நேரத்தில் நான் மனசுக்குள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன், துணி போட்டு மூடிய உருவம், சுற்றி நிற்கிற கூட்டம், ரோட்டில் மணல் தூவுகிற போலீஸ்காரர், வீட்டு வாசலில் நாற்காலி வாடகைக்கு எடுத்து வரிசையாகப் போட்டிருக்கிறார்கள், ஒரு பள்ளிக்கூடப் பெண் யூனிபார்மோடு உட்கார்ந்திருக்கிறாள். "அவருக்கு..." என்றேன்.

"இருக்காரு, இருக்காரு. ஏன் இப்படி வெளுக்குறே? கை மணிக்கட்டு விட்டுப்போச்சு, முட்டியில தோல் உரிஞ்சிடுச்சு. ஹெல்மெட்டு இருந்திச்சோ, பொழச்சாரு. நான்தான் தண்ணி குடுத்து உக்கார வச்சேன். என்னா கோவம் அந்த ஆளுக்கு! சோறெல்லாம் ரோட்டுல கொட்டிக் கெடக்குது, உன்னைத் திட்டுறாரு திட்டுறாரு, காது குடுத்துக் கேக்க முடியாது." ஒருவருக்கு இரண்டு இட்லியை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னாள். "மறுநாள் கைக்கட்டோட வந்து இங்க நின்னாரு. அந்தம்மா தெனம் இப்படித்தான் போவும்னு நான் வேற சொல்லித் தொலைச்சிட்டேன். வரட்டும், நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கணும்னு நிக்கிறாரு. நீ வரலை. அதுக்கு மறுநாளும் நின்னாரு. அப்பவும் கோவம்தான். மூணாவது நாளு ஆளே மாறிட்டாரு. ஏம்மா, என் வண்டி அந்த லேடி மேல பட்டுச்சா, நீ பார்த்தியா, தள்ளிப் போயி எங்கயாவது விழுந்துட்டாங்களான்னு கேக்குறாரு. படலைன்னுதான் சொன்னேன். ஆனா நான் என்னத்தக் கண்டேன், இட்லி எடுத்துக்கினு இருந்தேன். அப்புறம் ஏன் ஆளைக் காணோம், ஏன் ஆளைக் காணோம்னு அதையே பேசினாரு. முந்தாநேத்து வந்து இந்த அட்டையைக் குடுத்துட்டுப் போனாரு. அந்தம்மா எப்பனா வந்தா, உயிரோட இருக்கேன்னு ஒரு போன் போடச் சொல்லுன்னாரு."

ஓரத்தில் சட்னி பட்டுக் காய்ந்த அட்டை. இல்யாஸ், ஏ.சி. பழுதுபார்க்கப்படும், கீழே எண். இல்யாஸ். ஒன்பது நாளாக முகம் இல்லாமல் இருந்தவருக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. எழுந்து போய்விட்டாரா என்று நான் காகிதங்களில் அவரைத் தேடிக்கொண்டிருந்த அதே நாட்களில் அவர் இங்கே நின்று என்னைத் தேடியிருக்கிறார். நான் நியூ ஆவடி ரோட்டில் மிதித்துக்கொண்டிருந்தேன், அவர் கைக்கட்டோடு இங்கே நின்றுகொண்டு வருகிற சைக்கிளை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை விழவைத்தது மட்டும் இல்லை, அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவரை நான் இங்கே நிற்க வைத்திருக்கிறேன். இது எனக்குத் தெரியவே தெரியாது. எட்டாக இன்னும் பதினைந்து நிமிஷம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கூப்பிடலாம். சாப்பாட்டு நேரத்தில், மாடிப்படியில் நின்று, யாரும் இல்லாதபோது. போனால் கூப்பிட மாட்டேன். எனக்குத் தெரியும். எண்ணை அழுத்தினேன், ஒரு எண் தப்பி, அழித்து, மறுபடி.

மூன்று தடவை மணி அடித்தது, எடுத்துவிட்டார். எடுத்ததும் குரல் வரவில்லை, இரைச்சல்தான் வந்தது, காற்று, ஹார்ன், இன்ஜின். "ஹலோ, யாரு?" என்றார். நான் நினைத்ததைவிடச் சின்ன வயசுக் குரல். சார், நான் வந்து, என்றேன். "கேக்கலைங்க, சத்தமாப் பேசுங்க. வண்டி ஓட்டிக்கிட்டிருக்கேன், போன் ஹெல்மெட்டுக்குள்ள இருக்கு" என்றார். அதே நேரம் அவர் பக்கத்தில், ரொம்பப் பக்கத்தில், ஒரு லாரி ஹார்ன். லாரி ஹார்ன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், என் முதுகுக்குத் தெரியும். அடிபட்ட கை, ஒரு கையில் ஹேண்டில், காதில் நான். "போனை வைங்க சார்!" என்று கத்தினேன். "வைங்க! ரோட்டைப் பாருங்க! ரோட்டைப் பாருங்க சார்!" இட்லி சாப்பிட்டவர்கள் எல்லோரும் திரும்பிவிட்டார்கள். போனில் என்னவோ ஒரு கிறீச், பிறகு ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை. திரையில் அழைப்பு முடிந்தது என்று இருக்கிறது, இருபத்தொரு வினாடி. நானே கொன்றுவிட்டேன். ஒன்பது நாள் உயிரோடு இருந்தவரை இன்று நான் போன் போட்டுக் கொன்றுவிட்டேன். அந்தக் கிறீச் பிரேக்கா, என் சத்தமே எனக்குத் திரும்பி வந்ததா, அவர் போனை வைத்தாரா, விழுந்தாரா. மறுபடி கூப்பிட வேண்டும், கூப்பிடக் கூடாது, கூப்பிட்டால் எடுப்பார், எடுக்கிற ஆள் அவர், ஓட்டிக்கொண்டே எடுப்பார். எடுக்காவிட்டால். எடுக்காவிட்டால் இரண்டு காரணம் உண்டு. "என்னா சொன்னாரு?" என்கிறாள் இட்லி அம்மா. தெரியலக்கா. விரல் பச்சைப் பொத்தானுக்கு மேல் நிற்கிறது. எந்த ரோட்டில் போகிறார், எந்த ஆஸ்பத்திரி பக்கம், அவர் ரத்தம் என்ன வகையோ, ஐந்து லிட்டர், ஆள் ஒல்லியாக இருந்தால் அதைவிடக் குறைவு. ஏழு நாற்பத்தாறு. பஸ்கள் போகின்றன. இவ்வளவு வண்டிகளில் ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்பது இப்போதுதான் தெரிகிற மாதிரி இருக்கிறது, இவ்வளவு நாளும் சக்கரத்தையே பார்த்துவிட்டேன். ஏழு நாற்பத்தேழு. ஒரு நிமிஷம் என்பது இவ்வளவு நீளமா. அந்த அம்மா ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டுகிறாள், வாங்கினேன், குடிக்கவில்லை.

போன் அடிக்கிறது. என் கையில்தான் அடிக்கிறது, தண்ணீர் புடவையில் கொட்டிவிட்டது.

"ஓரமா நிறுத்திட்டேங்க" என்கிறார். இரைச்சல் இல்லை. பக்கத்தில் எங்கோ ஒரு காக்கா கத்துகிறது. "இப்பச் சொல்லுங்க. யாரு நீங்க?"

"என் பேரு வைஜயந்தி சார். அன்னைக்கு, அயனாவரத்துல, சைக்கிள்ல..."

ஹெல்மெட்டைக் கழற்றுகிற சத்தம் கேட்கிறது. திட்டப்போகிறார். திட்டட்டும், எவ்வளவு வேண்டுமானாலும்.

"அடிபடலையே உங்களுக்கு?" என்கிறார்.

"இல்ல சார். எனக்கு ஒண்ணும் இல்ல." எனக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னவுடன் அழுகை வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். "நான் நின்னிருக்கணும் சார். சத்தம் கேட்டுச்சு. கூப்பிட்டதும் கேட்டுச்சு. கேட்டும் போயிட்டேன். பயந்துட்டேன்."

பரவாயில்லை விடுங்க என்று சொல்வார் என நினைத்தேன். எல்லோரும் அப்படித்தானே சொல்வார்கள்.

"ஆமாங்க" என்றார். "நின்னிருக்கணும்."

அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை. ஒன்பது நாளாக என் தலைக்குள் நானே சுற்றிச் சுற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததை வெளியிலிருந்து ஒருவர் ஒரே ஒரு தடவை சொன்னார், நான் இட்லி வண்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். இட்லி அம்மா ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினாள், உட்கார்ந்தேன்.

"இப்ப எங்க இருக்கீங்க?" என்றார்.

"இங்கதான் சார். இட்லி வண்டிகிட்ட."

"நான் ஓட்டேரிகிட்ட இருக்கேன். வந்துடறேன். நாலு வார்த்தை கேக்கணும்னு வச்சிருந்தேன், அதெல்லாம் இப்ப மறந்துபோச்சு. ஆனா உங்களைப் பார்க்கணும். பத்து நிமிஷம் இருப்பீங்களா? வேலைக்கு நேரமாகுமா?"

"ஆகும் சார். பரவாயில்ல, இருக்கேன்." எழுந்து நின்றுவிட்டேன், அவர் வருகிற திசையைப் பார்த்து. "மெதுவா வாங்க. அவசரம் இல்ல. போனைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு, மெதுவா வாங்க."

வைத்துவிட்டார். ஓட்டேரிப் பக்கமிருந்து வண்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன, ஒன்றின் பின்னால் ஒன்றாக, ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு. அவரை எனக்கு அடையாளம் தெரியாது. கைக்கட்டு ஒன்றுதான் தெரியும். வருகிற ஒவ்வொருவருடைய கையையும் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.